சூடு யார் கையில: தெர்மோடாக்ஸ் கேஸ்

2013 ஜனவரி 31 அன்னிக்கு செல்ஷன்ங்கற அமெரிக்க கம்பெனி ஒரு அறிக்கை விட்டுச்சு. 701 பேரை வச்சு நடத்துன கல்லீரல் புற்றுநோய் ட்ரயல்ல எங்க மருந்து இலக்கைத் தொடலைன்னு. பங்கு விலை அன்னிக்கே தலைகுப்புற விழுந்துச்சு. அந்த மருந்து பேரு தெர்மோடாக்ஸ். தானா கூடி ஒரு குட்டிப் பையா நிக்கும், சூடு பட்டா சில நொடியில உள்ள இருக்கிறத கொட்டிடும், இப்படி ஒரு சமாச்சாரம். ஸ்லைடுல பாத்தா யாருக்குமே பிடிச்சுப் போகும், எனக்கும் பிடிச்சுது.

இத ஒரு கேஸா பிரிச்சு எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். ஏன்னா வழக்கமா சொல்ற சாக்கு, அதான் "எலியில வேலை செய்யும், மனுஷன்ல செய்யாது"ங்கறது, இதுக்குப் பொருந்தாது. இந்த மூலக்கூறுகள் மனுஷ உடம்புலயும் சொன்ன வேலைய செஞ்சிருக்கு, அளந்து பாத்த ஆதாரம் இருக்கு, கீழ வரும். அப்புறம் எப்படி தோத்துச்சு?

பைக்குள்ள என்ன இருக்கு

லிப்பிட் மூலக்கூறுன்னா ஒரு தலை, ரெண்டு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்குத் தண்ணி ஆகவே ஆகாது. தண்ணியில போட்டா வாலெல்லாம் உள்பக்கம் ஒளிஞ்சுக்கும், தலையெல்லாம் ரெண்டு பக்கமும் வெளிய நிக்கும், ரெண்டடுக்குத் தோல் ஒண்ணு தானா உருவாயிடும், அந்தத் தோலோட ஓரம் தண்ணியில படக்கூடாதுன்னு அதுவே சுருண்டு மூடிக்கும். யாரும் ஒட்ட வேணாம் தைக்க வேணாம். 1960-கள்ல அலெக் பாங்ஹம் இத மைக்ரோஸ்கோப்ல பாத்து எழுதுனாரு, இப்ப நாம லிப்போசோம்னு சொல்றது இத தான்.

தெர்மோடாக்ஸ்ல இந்தப் பை சுமார் 100 நானோமீட்டர் அகலம். உள்ள இருக்கிறது டாக்ஸோரூபிசின், பழைய கீமோ மருந்து, சிவப்பா இருக்கும், இதயத்துக்குக் கெடுதல்ங்கறதால வாழ்நாள் முழுக்க இவ்ளோ தான் கொடுக்கலாம்னு ஒரு உச்சவரம்பே இருக்கு. பைக்குள்ள இத அடைக்கிற வழி ஒரு சின்ன தந்திரம். உள்ள அமிலம், பி.எச். 4 மாதிரி, வெளிய நடுநிலை. வெளிய சார்ஜ் இல்லாம திரியுற மருந்து தோலைத் தாண்டி உள்ள போகும், போனதும் அமிலத்துல புரோட்டான வாங்கி சார்ஜ் ஏறிடும், அப்புறம் வெளிய வர முடியாது. உள்ள போற கதவு மட்டும் இருக்கிற ரூம்.

சூட்டுக்கு திறக்கற ஐடியா 1978-லயே வந்துடுச்சு, மில்டன் யாட்வினும் கூட இருந்தவங்களும் சயன்ஸ் இதழ்ல எழுதுனாங்க. டி.பி.பி.சி.ன்னு ஒரு லிப்பிட், அதோட வால்கள் 41.5 டிகிரி வரைக்கும் விறைப்பா வரிசையா நிக்கும், அதுக்கு மேல போனா மொத்தமா தளர்ந்து உருகிடும். ஒவ்வொண்ணா இல்ல, பக்கத்துல இருக்கிறது தளர்ந்தா இதுவும் தளரும், கூட்டமா சாயும், அதனால தான் எல்லை அவ்ளோ கூர்மையா இருக்கு. உடம்பு 37, ஜுரம் வந்தா 39, இது 41-ங்கறது இயற்கை நமக்குன்னு எடுத்து வச்ச மாதிரி ஒரு எண். ஆனா அந்தக் காலத்து பைகள் 42-லேருந்து 45 டிகிரி கேட்டுச்சு, திறந்தாலும் சொட்டு சொட்டா ஒழுகுச்சு. ரத்தம் ட்யூமர தாண்டிப் போறதுக்குள்ள ஒண்ணும் இறங்காது.

இத மாத்துனவர் டியூக் யூனிவர்சிட்டியோட டேவிட் நீதம். லிப்பிட்டுக்கு நடுவுல சுமார் 10 சதவீதம் ஒத்தை வால் லிப்பிட்ட கலந்தாரு, லைசோலிப்பிட்னு பேரு. ரெண்டு வால் இருக்கிறது உருளை மாதிரி, அடுக்குனா தட்டையா நிக்கும். ஒத்தை வால் கூம்பு மாதிரி, வளைவு இருக்கிற இடம் தான் அதுக்கு வசதி. குளிர்ந்து உறைஞ்ச தோல் ஒரே பாளமா இருக்காது, சின்ன சின்ன திட்டுகளா இருக்கும், திட்டுக்கும் திட்டுக்கும் நடுவுல கோடு. உருகல் அந்தக் கோட்டுல தான் தொடங்கும், அங்க தளர்வு வந்ததும் ஒத்தை வால் ஆளுங்க அங்க கூடி ஓட்டையோட விளிம்ப வளைச்சுப் பிடிச்சு நிப்பாங்க. அதனால ஓட்டை மூடாது. விளைவு என்னன்னா 41-42 டிகிரியில மருந்து முழுக்க சில பத்து நொடிக்குள்ள வெளிய. 2000-ல கேன்சர் ரிசர்ச் இதழ்ல இது வந்துச்சு, எலிகள்ல ட்யூமர் சுருங்குறதும் அதுல இருந்துச்சு. கூட மார்க் டியூஹர்ஸ்ட் குழு, அவங்களுக்கு ஹைபர்தெர்மியா, அதாவது ட்யூமர சூடேத்தி வைத்தியம் பாக்கறது தான் வாழ்க்கையே.

இங்க ஒரு விஷயத்த நல்லா பாத்துக்கணும், பின்னாடி வேணும். 1995-ல அனுமதி வாங்குன டாக்ஸிலும் இதே டாக்ஸோரூபிசின் லிப்போசோம் தான், ஆனா அது பொறுமைசாலி, ரத்தத்துல நாள்கணக்கா சுத்தும், ட்யூமரோட ஓட்டை விழுந்த ரத்தக்குழாய் வழியா மெல்ல கசிஞ்சு உள்ள போகும்னு நம்பிக்கை. தெர்மோடாக்ஸ் அப்படி காத்திருக்காது. சூடான குழாய்க்குள்ள ஓடும்போதே, குழாய்க்குள்ளயே வெடிச்சு மருந்தை விட்டுடும், கசியிறது பை இல்ல, மருந்து. புது யோசனை, அழகான யோசனை. ஆனா அதுக்கு விலை இருக்கு. 37 டிகிரியிலயும் இந்த ஒத்தை வால் காரணமா கொஞ்சம் கொஞ்சம் ஒழுகிட்டே இருக்கும், ரத்தத்துல சில மணி நேரம் தான் தாங்கும். அதனால மருந்து ரத்தத்துல இருக்கிற நேரமும், ட்யூமர் சூடா இருக்கிற நேரமும், அந்தச் சூடான இடத்துல ரத்தம் ஓடுற நேரமும் மூணும் ஒண்ணா வரணும்.

ஹீட் ட்ரயல்

கல்லீரல் ட்யூமர்ல ரேடியோஃப்ரீக்வென்ஸி அப்லேஷன்னு ஒரு சிகிச்சை உண்டு. தோல் வழியா ஊசி மாதிரி ஒரு எலக்ட்ரோட குத்தி ட்யூமர் நடுவுல வச்சு கரண்ட் விட்டு சுட்டுப் பொசுக்கிடுவாங்க. நடுவுல 80, 100 டிகிரி கூட போகும். 3 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்ல பலன். அதுக்கு மேல போனா ஓரத்துல உயிரோட மிஞ்சுற செல்கள் திரும்ப முளைக்கும். ஓரத்துல என்ன வெப்பம் இருக்கும்? 40-50. செல் சாகறதுக்குப் பத்தாது, ஆனா தெர்மோடாக்ஸ் திறக்கறதுக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி. நடுவ கரண்ட் பாத்துக்கும், ஓரத்த மருந்து பாத்துக்கும். பேப்பர்ல இத விட நல்ல ஜோடி கிடைக்காது.

ஆரம்பத்துல சொன்ன 701 பேர் ட்ரயலோட பேரு தான் ஹீட். அதுல 3-லேருந்து 7 சென்டிமீட்டர் ட்யூமர் இருக்கிறவங்க. பாதி பேருக்கு அப்லேஷனும் தெர்மோடாக்ஸும், பாதி பேருக்கு அப்லேஷனும் வெறும் டம்மி டிரிப்பும். மருந்து ஒரே ஒரு டோஸ், உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.கி., அரை மணி நேரத்துல ஏத்துவாங்க, ஏத்த ஆரம்பிச்சு 15 நிமிஷமாவது ஆனப்புறம் சுடத் தொடங்குவாங்க. அளவுகோல், நோய் முத்தாம எவ்ளோ காலம் ஓடுதுங்கறது.

வந்த ரிசல்ட், நோய் முத்துறதுல ஹசார்ட் ரேஷியோ 0.96. உயிர் பிழைப்புல 0.95. ஒண்ணுன்னா ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லன்னு அர்த்தம், ஒண்ணுக்கு கீழ எவ்ளோ போகுதோ மருந்துக்கு அவ்ளோ நல்லது, இது ஒண்ணுக்கு ஒட்டி உக்காந்திருக்கு, புள்ளியியல்படி ஒண்ணுமே இல்ல. பக்கவிளைவு பக்கம் வெள்ளை அணுக்கள் குறையறது, டாக்ஸோரூபிசின்ல எப்பவும் வர்றது தான், சரியாயிடுச்சு. ஆக, ஆபத்தும் பெருசா இல்ல, பலனும் இல்ல.

பிரேதப் பரிசோதனை

இந்த இடத்துல தான் கேஸ் சுவாரசியமாகுது. புரோட்டோகால்ல மருந்துக்கு எல்லாம் கறாரா எழுதியிருந்தாங்க, எவ்ளோ மில்லிகிராம், எவ்ளோ நேரம் ஏத்தணும், எப்ப ஆரம்பிக்கணும். சூட்டுக்கு? எவ்ளோ நேரம் சுடணும்ங்கறத ஒரே அளவா வைக்கல. அப்லேஷன் மெஷின் பலவிதம், ஒவ்வொரு டாக்டர் கைப்பழக்கம் ஒரு விதம். ஒருத்தர் ஒரே இடத்துல ஊசிய வச்சு சீக்கிரம் முடிச்சிடுவாரு, இன்னொருத்தர் நாலு இடத்துல மாத்தி மாத்தி குத்தி ரொம்ப நேரம் சுடுவாரு. வெறும் அப்லேஷனுக்கு இது ரெண்டும் சரி தான், ட்யூமர் பொசுங்குனா போதும். ஆனா இந்த மருந்துக்கு சூடுங்கறது பக்கத்துல நடக்கிற இன்னொரு சிகிச்சை இல்ல, அது தான் ஸ்விட்ச். ஸ்விட்ச எவ்ளோ நேரம் அழுத்தணும்னு எழுதாம மருந்தை மட்டும் எடை போட்டு கொடுத்திருக்காங்க. மருந்தியல் பாஷையில சொன்னா பாதி டோஸ் எழுதாத பிரிஸ்கிரிப்ஷன்.

ஏன் நேரம் முக்கியம்? நடுவுல பொசுங்குன இடத்துல ரத்தக்குழாயே உறைஞ்சு போச்சு, அங்க பை வந்து சேராது. மருந்து இறங்க வேண்டியது அந்த ஓர வளையத்துல மட்டும் தான், 40-க்கு மேல இருக்கணும், ரத்தமும் ஓடணும். ரத்தம் ஓடுனா அதுவே சூட்ட அடிச்சுட்டுப் போயிடும், பெரிய குழாய் பக்கத்துல இருந்தா இன்னும் மோசம். ஒவ்வொரு நொடியும் புது ரத்தம் புது பைகளோட அந்த வளையத்துக்குள்ள நுழையுது, திறக்குது, கொட்டுது. அப்ப பத்து நிமிஷம் சூடு இருந்தா பத்து நிமிஷத்துக்கு உள்ள வந்த பைகள் தான் திறக்கும். நீங்க மருந்த எவ்ளோ ஏத்துனாலும் சரி, கதவு பத்து நிமிஷம் தான் திறந்திருந்துச்சு. பின்னாடி பன்றிகள்ல 15, 45, 90 நிமிஷம்னு சுட்டுப் பாத்தாங்க, நேரம் கூட கூட கல்லீரல்ல இறங்குன மருந்தும் கூடுச்சு, 2015-ல வெளிவந்துச்சு. இத முதல்லயே பண்ணியிருக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. முடிஞ்சப்புறம் தோணுறது சுலபம்.

அப்புறம் 701 பேரோட டேட்டாவ திரும்ப பிரிச்சாங்க. ஒரே ஒரு ட்யூமர் இருந்து, 45 நிமிஷமோ அதுக்கு மேலயோ சுட்டவங்க 285 பேர். இவங்கள மட்டும் எடுத்துப் பாத்தா உயிர் பிழைப்புல ஹசார்ட் ரேஷியோ 0.63. சாவோட வேகம் மூணுல ஒரு பங்குக்கும் மேல குறைஞ்ச மாதிரி. 2018-ல கிளினிக்கல் கேன்சர் ரிசர்ச்ல இது முறையா வந்துச்சு.

இங்க நான் கொஞ்சம் நிறுத்திக்கிறேன். தோத்த ட்ரயல்ல ஜெயிச்ச மூலைய தேடுனா எப்பவும் ஒண்ணு மாட்டும், வயசால வெட்டு, ஊரால வெட்டு, ட்யூமர் அளவால வெட்டு, ஏதோ ஒரு வெட்டுல நம்பர் அழகா வரும். அதுவும் சுட்ட நேரம்ங்கறது குலுக்கல் போட்டு பிரிச்சது இல்ல, குலுக்கலுக்கு அப்புறம் டாக்டர் எடுத்த முடிவு. ஆனா ஒண்ணு இவங்க பக்கம் சொல்லணும், இது குருட்டு வெட்டு இல்ல. பௌதிகம் என்ன சொல்லுதோ அந்த திசையில தான் வெட்டுனாங்க, பன்றியும் அதையே சொல்லுச்சு. நம்பத் தோணுற வெட்டு. நம்பத் தோணுறதாலயே திரும்ப சோதிக்க வேண்டிய வெட்டு.

ஆப்டிமா

சோதிச்சாங்க, அத பாராட்டணும். 2014-ல ஆப்டிமான்னு புது ட்ரயல், 556 பேர், எல்லாருக்கும் ஒரே ஒரு ட்யூமர், எல்லாருக்கும் குறைஞ்சது 45 நிமிஷம் சூடு, ரெண்டு குழுவுக்கும். அளவுகோலும் இந்தத் தடவை நேரா உயிர் பிழைப்பு. போன தடவை செஞ்ச தப்ப ஒண்ணு விடாம திருத்துன டிசைன்.

2020 ஜூலையில இடைக்காலக் கணக்கு பாத்த குழு, நிறுத்தறத பத்தி யோசிங்கன்னு சொல்லிடுச்சு. பலனில்லைன்னு முடிவு கட்டுற எல்லை 0.900, வந்த ஹசார்ட் ரேஷியோ 0.903. மயிரிழைன்னு கம்பெனி சொல்லிக்கிட்டுச்சு, எல்லைய பாத்தா மயிரிழை தான், ஆனா 0.63-ய எதிர்பாத்து உக்காந்தவங்களுக்கு 0.9-ங்கறது மயிரிழை இல்ல, வேற ஊரு. கொஞ்ச மாசம் தொடர்ந்து பாத்துட்டு கைவிட்டுட்டாங்க.

அப்ப என் "பாதி டோஸ் எழுதாத பிரிஸ்கிரிப்ஷன்" வாதம் என்னாச்சு? அடி வாங்கிடுச்சு, மறைக்கறதுக்கில்ல. சூட்டு நேரம் மட்டும் தான் குத்தவாளின்னா ஆப்டிமா ஜெயிச்சிருக்கணும். நான் இப்ப பாக்கறது இப்படி. நிமிஷத்த எழுதுனாங்க, ஆனா ஓர வளையத்துல வெப்பம் எவ்ளோன்னு யாரும் அளக்கல. அப்லேஷன் ஊசி முனையில தெரியுற டிகிரி நடுவோட டிகிரி, நமக்கு வேண்டியது ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி. 45 நிமிஷம்ங்கறது சூட்டுக்கு ஒரு பினாமி தானே தவிர சூடு இல்ல. ரெண்டாவது, கண்ட்ரோல் குழுவுக்கும் 45 நிமிஷம் சுட்டாங்க, நல்லா சுட்ட அப்லேஷனே தனியா நல்ல சிகிச்சை, அத தாண்டி காட்டறது இன்னும் கஷ்டம். மூணாவது, இத சொல்ல யாருக்கும் பிடிக்காது, கல்லீரல் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் அப்படி ஒண்ணும் பிரமாதமான மருந்து கிடையாது. நரம்பு வழியா ஏத்தி பாத்த பழைய அனுபவம் சுமார் தான், அந்த செல்கள் மருந்தை வெளிய தள்ளுற பம்ப வச்சிருக்கும். வண்டி எவ்ளோ நல்ல வண்டியா இருந்தாலும் கொண்டுபோய் இறக்குன சரக்கு வேலை செய்யணுமே. இந்த மூணுல எது எவ்ளோன்னு டேட்டா பிரிச்சுச் சொல்லாது, எனக்கு முதலும் மூணாவதும் தான் கனமா படுது.

மூலக்கூறு மேல தப்பு இல்லங்கறதுக்கு

இதே மருந்து, இதே டோஸ், ஆக்ஸ்ஃபோர்டுல வேற மாதிரி பண்ணாங்க. டார்டாக்ஸ்னு பேரு, 10 பேர் தான், 2018-ல லான்செட் ஆன்காலஜியில வந்துச்சு. ஊசி குத்தி சுடல, உடம்புக்கு வெளிய இருந்து குவிச்ச அல்ட்ராசவுண்ட், ட்யூமர பொசுக்காம மிதமா சூடாக்குறது மட்டும். முதல் ஆறு பேருக்கு ட்யூமருக்குள்ளயே ஒரு தெர்மாமீட்டர் வச்சு டிகிரிய நேரா பாத்தாங்க, கடைசி நாலு பேருக்கு அதுவும் இல்லாம. சூட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ட்யூமர் துணுக்க எடுத்து மருந்து எவ்ளோன்னு அளந்தாங்க. சூட்டுக்கு அப்புறம் சராசரியா 3.7 மடங்கு இருந்துச்சு. ஒரே ஆளு, ஒரே டிரிப், வித்தியாசம் சூடு மட்டும். இத விட நேரடியா ஒரு ஸ்மார்ட் மூலக்கூறு மனுஷனுக்குள்ள தன் வேலைய செஞ்சதுக்கு சாட்சி வேணும்னா எனக்குத் தெரிஞ்சு கஷ்டம். ஆனா மருந்து போய் சேந்துச்சுங்கறது ஒண்ணு, ஆளு கூடுதல் காலம் வாழ்ந்தாங்கறது இன்னொண்ணு, 10 பேர வச்சு ரெண்டாவத கேக்கவே முடியாது.

இந்தக் கேஸ பாத்தப்புறம் நான் இந்த மாதிரி தானா கூடுற, தூண்டுனா மாறுற மருந்துகள்ல ஜெயிச்சத எல்லாம் திரும்ப ஒரு தடவை பாத்தேன், ஒரே கேள்வியோட, ஸ்விட்ச் யார் கையில இருக்கு? இன்சுலின் கிளார்ஜின், 2000-த்துல வந்தது, பாட்டில்ல பி.எச். 4-ல கரைஞ்சு கிடக்கும், தோலுக்கடியில போனதும் 7.4-ஐ பாத்து நுண் துகள்களா படிஞ்சு நாள் முழுக்க மெல்ல கரையும். ஸ்விட்ச் உடம்போட பி.எச்., எவன் ஊசி போட்டாலும் அதே பி.எச். எம்.ஐ.டி.யில ஷுகுவாங் ஜாங் ஈஸ்ட் புரோட்டீன்ல ஒரு துண்ட பாத்து ஆரம்பிச்சது கடைசியில ஆர்.ஏ.டி.ஏ.16 ஆச்சு, 16 அமினோ அமிலம், ரத்தத்தோட உப்பையும் பி.எச்.-ஐயும் பாத்ததும் நாரா பின்னி ஜெல் ஆகும், ரத்தக்கசிவ அடைக்க எண்டோஸ்கோப்பி வழியா பூசுறாங்க. லான்ரியோடைட்ங்கற ஹார்மோன் கோளாறு மருந்து இன்னும் வேடிக்கை, எட்டு அமினோ அமிலம் தான், தண்ணியில அடர்த்தியா கலந்தா 24 நானோமீட்டர் அகலக் குழல்களா தானா அடுக்கிக்கும், ஊசி வழியா போய் அங்கயே டிப்போவா உக்காந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும்ங்கற மருந்தாச்சு. இந்த மூணுலயும் டாக்டர் கைத்திறமை, மெஷின் மாடல், ஊசி குத்துன கோணம் எதுவும் ஸ்விட்ச தொடாது. மூணுமே கூடுறதுக்கும் படியறதுக்கும் தான் தூண்டுதல கேக்குது, திறக்கறதுக்கு இல்ல, ஒரு தடவை கூடிட்டா அதுக்கப்புறம் நேரம் பாத்துக்கும். தெர்மோடாக்ஸ் தலைகீழ், கூடுறது பாக்டரியில, பிரியறது ஆஸ்பத்திரியில, யாரோ ஒருத்தர் கை மேல, இன்னொரு கம்பெனி மெஷின் மேல.

அதனால வெளித் தூண்டுதல் வேலைக்கே ஆகாதுன்னு நான் சொல்லல. வெளித் தூண்டுதலுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கு, எங்க எப்பன்னு நாம தீர்மானிக்கலாம், பி.எச்.-கிட்ட அந்த வசதி கிடையாது, ட்யூமர் அமிலமா இருக்கும்னு நம்பி டிசைன் பண்ண எத்தனையோ பாலிமர்கள் ஒரு ட்யூமருக்கும் இன்னொண்ணுக்கும் பி.எச். ஒரே மாதிரி இல்லன்னு தெரிஞ்சப்ப முழிச்சுது. ஆனா வெளித் தூண்டுதல எடுத்தா அந்த மெஷினையும் மருந்தோட பாகமா நினைச்சு டிகிரி டிகிரியா அளந்து சேத்து தான் ட்ரயலுக்கு கொண்டு போகணும்.

செல்ஷன் 2022-ல பேரையே இமுனோன்னு மாத்திக்கிட்டு நோயெதிர்ப்பு சிகிச்சை பக்கம் போயிடுச்சு. பை மட்டும் சாகல. ஆக்ஸ்ஃபோர்டுல அதே அல்ட்ராசவுண்டோட கணையப் புற்றுநோய்க்கு எடுத்தாங்க, நெதர்லாந்து உட்ரெக்ட்ல மார்பகப் புற்றுநோய்க்கு எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளயே அல்ட்ராசவுண்ட வச்சு சூடு பண்ற வழிய எடுத்தாங்க. அந்த எம்.ஆர்.ஐ. திரையில ட்யூமரோட டிகிரி நொடிக்கு நொடி கலர் கலரா தெரியும், 42-அ தாண்டுனா குறைக்கலாம், 40-க்கு கீழ போனா கூட்டலாம்.